மூணு பட்டை

குற்றாலத்துக்கு மேலே மலைக்காட்டில், வெயில் தரைக்கு வராத ஓர் ஓடைக்கரையில் அது நின்றது. என் தோளுக்கு மேல உயரம். நாணல் என்றார் ஒருத்தர். வெறும் புல்லு என்றார் இன்னொருத்தர். நான் தண்டை ரெண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தேன். உருளவில்லை. மூணு பட்டை. "கோரை" என்றேன். கூட வந்த தாவரவியல் தோழர் திரும்பி, "இதெல்லாம் எங்க படிச்சீங்க?" என்றார்.

வயக்காட்டில் படித்தது. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அம்மாவோட களையெடுக்கப் போவேன். நட்ட இருபது நாளில் நெல்லும் கோரையும் ஒரே பச்சைதான். "ஏல, நெல்லு ரெண்டு பக்கமாத்தான் இலை விடும். கோரை மூணு பக்கமும் விடும். அடியைத் தடவு, பட்டை தெரியும்." முழங்கால் சேற்றில் குனிஞ்சபடி, பேச்சு ஒரு பக்கம் ஓட, கண்ணால பாக்காம விரலாலயே பிரிச்சு எடுப்பா. தப்பித் தவறி நெல்லைப் பிடுங்கிட்டா, வரப்பில் நிற்கிற பண்ணையார் கூலியில் கைவைப்பார்.

எம்.ஏ. வகுப்பில் சங்கப் பாட்டில் பைஞ்சாய்ப்பாவை வந்தது. பிள்ளைகள் கோரையில் செய்து விளையாடிய பொம்மை. பேராசிரியர் "பைஞ்சாய், ஒரு வகைப் புல்" என்று சொல்லிக் கடந்தார். நான் எழுந்து, "அய்யா, கோரை புல்லு இல்லீங்க. புல்லுத் தண்டு உருண்டை, கணு இருக்கும். இது மூணு பட்டை" என்றேன். தொல்காப்பியர் கணக்கில் பனையும் புல்தான் என்று சொல்லியிருந்தால் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். அவர் சொன்னது வேறு. "களை பிடுங்குற விஷயமெல்லாம் உங்க ஆளுங்களுக்குத்தான் தெரியும்." வகுப்பே சிரித்தது. நானும் கூடச் சிரித்துவிட்டேன். அதுதான் இன்னமும் ஆறவில்லை.

காட்டில் தோழர் சிரிக்கவில்லை. கோரைக் குடும்பமேதான், சைபரேசி என்றார். ஆனால் வயக்காட்டுக் கோரைக்கு இலை அடியில்தான். இதற்குத் தண்டு நெடுகவும் இலை. விளிம்பு ரம்பம், என் விரலை அறுத்திருந்தது. எந்தக் கோரை என்று சொல்ல விதை முற்றியிருக்கணுமாம். கதிரைப் பிரித்தார். வெள்ளை வெளேரென்று பாசிமணி போல ஒரு விதை, நகத்தால் அழுத்தினாலும் உடையவில்லை. "ஸ்கிளீரியா" என்று நோட்டில் எழுதினார். அதிலே எது என்பதை லென்ஸ் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்.

ரெண்டு விதையை மடித்து எடுத்துவந்து அம்மா கையில் வைத்தேன். உருட்டிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது நம்ம பக்கத்துக் கோரை இல்லியேல" என்றாள். "தண்டு எங்க? தண்டக் கொண்டாரலியா?"