விஸ்கி ஓடையில் ஒரு வைத்தியர்

அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஆரிகன் என்றொரு மாகாணம். அங்கே போர்ட்லண்டு நகரிலிருந்து மேற்கே கிளம்பினால், ஊசியிலை மரங்கள் அடர்ந்த மலைகளைத் தாண்டி, பாலாடைக்கட்டிக்குப் பேர்போன டில்லமுக் வந்து சேரலாம். அதற்கும் அப்பால் நெட்டார்ட்ஸ் குடா. பசிபிக் சமுத்திரத்தின் அலைகள் நேரே வந்து மோதாதபடி ஒரு நீண்ட மணல் திட்டு அதைக் காவல் காக்கிறது. குடாக்கரையில் ஓரிடத்துக்கு விஸ்கி ஓடை என்று பெயர். சகோதரிகள் முகம் சுளிக்க வேண்டாம். ஓடையில் ஓடுவது வெறும் தண்ணீர்தான்!

இங்கே சிப்பிக் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. கடல்நீரைத் தொட்டிகளில் நிரப்பி, கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளைக் கோடிக்கணக்கில் வளர்த்து, கரையோரப் பண்ணைகளுக்கு அனுப்புகிறார்கள். பல லட்சம் குஞ்சுகளை ஈரத் துணியில் முடிந்தால் ஒரு சிறு உருண்டையளவுதான். அந்த உருண்டையை நம்பி எத்தனையோ குடும்பங்களில் அடுப்பெரிகிறது.

2007-ல் அந்தக் குஞ்சுகள் சாகத் தொடங்கின. முதலில் கிருமி என்று சந்தேகித்தார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்தார்கள். 2008 கோடையிலும் சாவு நிற்கவில்லை. தண்ணீரோ பார்வைக்குப் பளிங்குபோல் இருந்தது.

வியாதியைக் கண்டுபிடிக்க வந்தவர் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கடல் ரசாயன நிபுணர் பர்க் ஹேல்ஸ். அவர் கொண்டுவந்த இயந்திரத்துக்கு நண்பர்கள் 'பர்க்கோலேட்டர்' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். காப்பி போடும் பெர்க்கோலேட்டர் ஞாபகம் வருகிறதல்லவா? இதிலும் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதில் ஒரு பங்கோடு சிறிது அமிலம் சேர்த்தால், கரைந்திருக்கும் கரியெல்லாம் கரியமில வாயுவாகப் பிரிந்து வெளியேறும். அந்த வாயுவின் ஊடே அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தி, எவ்வளவு என்று இயந்திரம் தானே அளந்துவிடும். புட்டியில் தண்ணீர் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் பதில் வருவதற்குள் கடல்நீர் மாறிவிடும். இதுவோ பக்கத்திலேயே இருந்து நாடி பார்க்கும் வைத்தியர்!

நாடி சொன்ன சேதி இதுதான். கோடையில் வடக்கிலிருந்து காற்று வீசும்போது மேல்நீர் கரையை விட்டு விலக, ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. சோடாப் புட்டியில் அடைபட்டிருக்கும் அதே கரியமில வாயு அதில் மிகுதி. அது மிகுந்தால் ஓடு கட்டத் தேவையான சுண்ணாம்புச் சத்து குறையும். பிறந்த இரண்டு நாளைக்குள், முட்டையிலிருந்து கிடைத்த பலத்தை மட்டும் கொண்டு, குஞ்சு தன் முதல் ஓட்டைக் கட்டியாக வேண்டும். அப்போது பட்ட கஷ்டம் பல நாள் கழித்துத்தான் சாவாக வெளிப்படும்.

மருந்தோ நம் வீட்டிலேயே இருப்பது: சலவைச் சோடா! அளவு பார்த்துத் தொட்டி நீரில் கலந்தார்கள். சோடா வாயுவால் வந்த நோய்க்குச் சோடாவே மருந்தாயிற்று. இன்னொரு யுக்தியும் கிடைத்தது. இரவெல்லாம் குடாவின் உயிர்கள் விடும் மூச்சுக் காற்றால் காலை நீர் கெட்டிருக்கும். பகலில் வெயில் பட்டுக் கடற்புல் அந்த வாயுவை உண்ட பிறகு பிற்பகல் நீர் தேறியிருக்கும். ஆகவே பிற்பகலில் தண்ணீர் எடுத்தார்கள். குஞ்சுகள் பிழைத்தன. இன்று அலாஸ்காவிலிருந்து கலிபோர்னியா வரை இத்தகைய இயந்திரங்கள் காவல் இருக்கின்றன.

தொட்டிக்குச் சோடா போடலாம், சமுத்திரத்துக்கு? ஆழத்து நீரில் கரியமில வாயு இயல்பாகவே அதிகம். ஆனால் அந்த நீர் பல பத்தாண்டுகளுக்கு முன் மேற்பரப்பில் இருந்தபோது, அன்றைய மனிதர் விட்ட புகையையும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறது. அதைத்தான் இப்போது திருப்பித் தருகிறது. அப்படியானால் இன்று நாம் விடும் புகை? கடல் அதையும் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது. பற்றுச் சீட்டு நம் பேரன் பேத்திகள் பெயருக்கு வரும்.