படிக்காமல் அழுத்திய 'ஒய்'



சென்ற ரமளானில் எங்கள் மஹல்லா பைத்துல்மாலின் கணக்குகளைக் கணினியில் பதியும் பொறுப்பு எங்கள் இருவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஜகாத் தந்தோர், பெறுவோர் விவரங்கள் யாவும் உபுண்டு நிறுவப்பட்ட ஒரே கணினியில்தான் இருந்தன.

உபுண்டுவில் கட்டளை வரியில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்று தட்டச்சிட்டு மென்பொருளின் பெயரைச் சேர்த்தால், அதற்குத் தேவையான துணைப் பொதிகளையும் ஆப்ட் தானே நிறுவிவிடும். நீக்கும்போதோ, அந்தப் பொதியைச் சார்ந்து நிற்பவற்றையும் சேர்த்தே நீக்கும். இந்த இரண்டாம் பாதியை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

பைத்தானின் புதிய பதிப்பொன்றைத் தனியே நிறுவியிருந்தோம். பழையது எதற்கென்று 'சூடோ ஆப்ட் ரிமூவ் பைத்தான்3' என்று கட்டளையிட்டோம். நீக்கப்படவிருந்த பொதிகளின் பட்டியல் திரையை நிறைத்தது. தொடரலாமா என்று ஆப்ட் கேட்டது. தராவீஹுக்கு நேரமாகிவிட்டதால் படிக்காமலே 'ஒய்' அழுத்தினோம்.

தொழுது திரும்பிக் கணினியை மீண்டும் இயக்கியபோது, கறுப்புத் திரையில் பயனர் பெயர் கேட்கும் ஒற்றை வரி மட்டுமே நின்றது. உபுண்டுவின் திரைமுகப்பும் பல கருவிகளும் அந்தப் பைத்தானைச் சார்ந்தவை. அவையும் போய்விட்டிருந்தன.

மின்தடையால் பழுதாகிவிட்டது என்று சொல்லிவிடலாமா என்ற எண்ணம் இருவர் உள்ளத்திலும் எழுந்தது. நோன்பு நோற்ற நாவு அதைச் சொல்லத் துணியவில்லை. செயலாளரிடம் சென்றோம். "ஹாஜியார், தவறு எங்களுடையது" என்றோம். அவர் கேட்டது ஒன்றுதான்: "கணக்குப் பத்திரமா இருக்கா, தம்பிகளா?"

இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். பயனரின் இல்லக் கோப்புறையில் உள்ள கோப்புகளை ஆப்ட் தொடுவதில்லை. எதை எப்போது நீக்கியது என்பதையும் அது ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கிறது. அதைப் பார்த்து, இணையக் கம்பியைப் பொருத்தி, 'உபுண்டு-டெஸ்க்டாப்' உள்ளிட்ட பொதிகளை மீண்டும் நிறுவினோம். ஸஹருக்குள் திரை மீண்டது.

அன்றுமுதல் எதை நீக்குவதாயினும் கட்டளையுடன் முதலில் 'ஹைஃபன் எஸ்' சேர்க்கிறோம். அவ்வாறு செய்தால் ஆப்ட் எதையும் நீக்காமல் ஒத்திகை மட்டும் காட்டும். பட்டியலை இருவரும் படித்த பின்னரே உண்மைக் கட்டளை. கணக்கின் நகலொன்று வேறிடத்திலும் இருக்கிறது. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு சூரா அந்நிஸாவின் 58ஆம் வசனம் பணிக்கிறது. பிறர் பொருளைக் காக்கும் கணினியில் அவசரமும் அமானித மீறலே என்பதை அன்று உணர்ந்தோம்.

இன்னொன்றும் உண்டு. 'ரிமூவ்' நிரலை நீக்கும்; அதன் அமைவுக் கோப்புகளை விட்டுவைக்கும். மீண்டும் நிறுவினால் பழைய அமைவே திரும்பும். 'பர்ஜ்' கட்டளைதான் கணினியளவிலான அந்த அமைவுகளையும் துடைக்கும். அன்றிரவு பொய்யை நாவிலிருந்து நீக்கினோம். அதைத் தூண்டிய, மக்கள் முன் குறைந்துவிடுவோமோ என்னும் அச்சம் இன்னும் உள்ளே இருக்கிறது. அதைத் துடைக்க நம்மிடம் கட்டளை ஏதுமில்லை, துஆ உண்டு.

யா அல்லாஹ், எங்கள் உள்ளங்களைத் தூய்மையாக்குவாயாக. ஆமீன்.