இடது கால்

எங்கள் வீட்டுக் கொட்டிலில் ஒரு பழைய எம்.ஜி.பி. கார் நிற்கிறது. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் செய்யப்பட்ட வகை. வாப்பாவின் வாப்பா பாவித்தது. அதைப் புதுப்பிக்கவென்று வாப்பா துண்டு துண்டாகக் கழற்றி வைத்திருந்த நேரத்தில்தான் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. இடது கையும் காலும் சோர்ந்துபோயின.

ஒரு வருடம் கார் துணி மூடிக் கிடந்தது. தடியூன்றி நடக்கத் தொடங்கியதும் வாப்பா என்னைக் கூப்பிட்டார்.

"மகள், எனக்குக் கீழ படுக்க ஏலா. நான் சொல்லச் சொல்ல நீங்க பூட்டுவீங்களா?"

நானா கட்டாரில். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் எனக்கு அதுவரை ஸ்பானர் பிடிக்கத் தெரியாது. ஆனாலும் தலையாட்டினேன். சங்கிலி கட்டி எஞ்சினையும் கியர்பொக்ஸையும் ஏற்ற மட்டும் கராஜிலிருந்து ஆள் வந்தது. மிச்சமெல்லாம் நாங்கள் இருவரும்தான்.

எஞ்சின் இயங்கிய அன்று உம்மா தேநீரோடு ஓடி வந்தார். வாப்பா சீட்டில் ஏறி, இடது காலால் கிளச்சை அமுக்கி ரிவர்ஸ் கியரைப் போட்டார். 'கர்ர்ர்' என்று பல்லோடு பல் அரைபட்டது. மீண்டும் அமுக்கினார். மீண்டும் அதே சத்தம்.

இந்தக் காரின் கிளச்சுக்குக் கம்பி இல்லை. பெடலை அமுக்கினால் மேலேயுள்ள மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஒயிலைத் தள்ளும். அந்த ஒயில் குழாய் வழியே இறங்கி, கியர்பொக்ஸ் பக்கமுள்ள ஸ்லேவ் சிலிண்டரின் தண்டை வெளியே தள்ளும். அந்தத் தண்டுதான் கிளச்சை விலக்குகிறது. திரவத்தை நெருக்க முடியாது, காற்றை நெருக்கலாம். ஆகவே குழாயில் காற்று இருந்தால் அமுக்கம் கீழே சேராது.

முதலில் காற்றைத்தான் சந்தேகித்தோம். ஸ்லேவின் சிறு திருகைத் தளர்த்தி, றப்பர் குழாயின் ஒரு முனையை அதில் மாட்டி, மறுமுனையை ஒயில் நிரம்பிய போத்தலில் விட்டேன். வாப்பா அமுக்கினார், குமிழ்கள் வந்தன. குமிழ் நின்ற பிறகும் கியர் அரைத்தது. காற்று மேல்நோக்கித்தான் போகும் என்பதால், அடுத்த நாள் ஊசிக்குழாயால் கீழிருந்து மேலே ஒயிலை ஏற்றினோம். பெடல் கல்லுப்போல் இறுகியது. எங்கேயும் கசிவில்லை. ஆனால் சத்தம் போகவில்லை.

கொம்பாஸ் பெட்டி அடிமட்டத்தோடு காருக்கடியில் படுத்தேன். வாப்பா அமுக்கியபோது ஸ்லேவின் தண்டு 7 மில்லிமீற்றர்தான் நகர்ந்தது. ஏறத்தாழ அரை அங்குலம், அதாவது 12 மில்லிமீற்றர் அளவு வர வேண்டும்.

"இன்னம் கொஞ்சம் அமுக்குங்க வாப்பா!"

மேலிருந்து பதில் வரவில்லை. வெளியே வந்து பார்த்தேன். வியர்வை வழிய, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தன் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும் மகள். பழுது கார்ல இல்ல."

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. "இன்னம் அமுக்குங்க" என்ற என் சொல் எனக்கே நெஞ்சில் குத்தியது. வாப்பாவின் காலில்தான் பிழை என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் அதை அளந்து பார்த்தேனா?

விடிந்ததும் ஒரு பலகைத் துண்டை எடுத்தேன். பெடலைத் தரைமட்டும் அமுக்கி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே அதை முட்டுக்கொடுத்தேன். பிறகு கீழே போய் அளந்தேன். அதே 7 மில்லிமீற்றர்! பலகைக்குப் பாரிசவாதம் இல்லையே. அப்படியென்றால் வாப்பாவின் கால் நேற்றே பெடலைக் கடைசிவரை கொண்டுபோயிருக்கிறது.

"வாப்பா, ஒங்கட கால்ல ஒண்டுமில்ல! பழுது கார்லதான்!"

தடியை மறந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். காற்றில்லை, கசிவில்லை. அப்படியானால் பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையில் ஏதோ தொலைகிறது. பெடல் பெட்டியின் மூடியைக் கழற்றினோம். பெடலையும் சிலிண்டர்த் தண்டையும் இணைக்கும் சின்னஞ்சிறு ஊசி பாதியளவு தேய்ந்திருந்தது. அது போகும் துளை முட்டை வடிவாகியிருந்தது. பெடல் முதலில் அந்த வெற்றிடத்தைத்தான் கடந்தது. அதற்குப் பிறகுதான் ஒயிலைத் தள்ளத் தொடங்கியது. பழையதைக் கழுவி அப்படியே பூட்டியவள் நான்தான்.

லேத் கடையில் துளையைச் சீராக்கி, புது ஊசி போட்டோம். அடிமட்டம் 12 காட்டியது. வாப்பா ஏறி அமர்ந்து இடது காலை வைத்தார். ரிவர்ஸ் சத்தமின்றி விழுந்தது. கார் கொட்டிலிலிருந்து முற்றத்துக்கு மெல்லப் பின்னால் வந்தது. வாசலில் நின்ற உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வீதியில் ஓட்ட வைத்தியர் இன்னும் அனுமதிக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு பின்னேரமும் வாப்பா முற்றத்தில் முன்னும் பின்னும் ஓட்டுகிறார். தேய்ந்த ஊசி என் கொம்பாஸ் பெட்டிக்குள் இருக்கிறது. யாரிலாவது குறை சொல்ல வாய் வரும்போது அதை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.