மாலூர் வீடியோவும் எங்க ஊர் போட்டோவும்

கேஜிஎஃப்காரன் என்று சொன்னால் இப்போதெல்லாம் டொராண்டோவில்கூட "யஷ் படமா?" என்று கேட்கிறார்கள். ஆமாங்க, அதே ஊர்தான். அந்தப் படத்தில் வராத ஒரு கதையை இன்று சொல்லலாம் என்று தோன்றியது.

2023 டிசம்பரில் எங்கள் ஸ்கூல் செட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூர் போனால் வழியில் மாலூர் வருமே, அந்தத் தாலுகாவில் உள்ள மொரார்ஜி தேசாய் உறைவிடப் பள்ளி. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் நுழைவுத் தேர்வு எழுதி, தங்கிப் படிப்பதற்காக கர்நாடக அரசு நடத்தும் பள்ளி. அங்கே தலித் மாணவர்களை கழிவுக்குழிக்குள் இறக்கி சுத்தம் செய்ய வைத்திருக்கிறார்கள்.

நாடே கொதித்தது. பள்ளி முதல்வரும் ஓர் ஆசிரியரும் கைதானார்கள். வேறு சிலர் சஸ்பெண்ட். எங்கள் குரூப்பிலும் "இவங்களையெல்லாம் சும்மா விடக்கூடாதுடா மச்சான்" என்று ஒரே ஆவேசம். இரண்டு வாரத்தில் புத்தாண்டு வாழ்த்து, கிரிக்கெட் என்று பேச்சு மாறிவிட்டது.

என் பெண்ணுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. வீடியோவைப் பார்த்துவிட்டு கேட்டாள்: "ஏம்ப்பா, அதுக்கு லாரி, மெஷின் எதுவும் கிடையாதா? பசங்களை ஏன் கூப்பிட்டாங்க?"

யார் செய்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் ஏன் என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல எங்கள் ஊருக்குத்தான் போக வேண்டியிருந்தது.

கோலார் தங்கவயலுக்கு சிவசமுத்திரத்திலிருந்து 1902லேயே கரண்ட் வந்துவிட்டது. சாம்பியன் ரீஃபில் பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை தோண்டித் தங்கம் எடுத்தார்கள். அவ்வளவு இன்ஜினியரிங் தெரிந்த ஊரில் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு இருந்தது எடுப்புக் கக்கூஸ். 1990கள் வரைக்கும்! மனிதர்கள் கையால் அள்ளி வாளியில் சுமந்தார்கள். அந்த வேலைக்கு எந்தச் சாதியிலிருந்து ஆள் எடுத்தார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வேலை செய்த ஒரு குடும்பத்தில் 1966இல் பிறந்தவர் பெஜவாடா வில்சன். இதை நிறுத்துங்கள் என்று நிர்வாகத்துக்கு எழுதினார். அப்படி ஒன்று இங்கே கிடையாது என்று பதில் வந்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993இல் வந்த பிறகும் நிலைமை மாறவில்லை. அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் போட்டோ எடுத்தார். பத்திரிகையில் செய்தி வந்தது. அதற்கப்புறம்தான் கக்கூஸ்களை மாற்றினார்கள், அள்ளியவர்களுக்கு வேறு வேலை கொடுத்தார்கள். 2016இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

அந்த போட்டோவும் ஊரை உலுக்கியது, இந்த வீடியோவும் உலுக்கியது. ஆனால் அவர் கேட்டது தெளிவாக இருந்தது: கக்கூஸை இடி, அள்ளுகிறவருக்கு மாற்று வேலை கொடு. கிடைக்கும்வரை விடவில்லை. நாம் கேட்டது கைது மட்டும்தான். அது கிடைத்ததும் போய்விட்டோம்.

சட்டத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. பாதுகாப்பில்லாமல் ஆளைக் கழிவுத்தொட்டியில் இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். மாலூர் வீடியோவுக்கு இரண்டே மாதம் முன்பு, 2023 அக்டோபரில், சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்சநீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. ஆனாலும் குழி நிரம்பினால் லாரிக்கு போன் போடத் தோன்றாமல் தலித் பசங்களைக் கூப்பிடத் தோன்றுகிறதே, அந்த நினைப்பை எந்த போலீஸ் கைது செய்யும்?

மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுசாகப் புரிந்ததா என்று தெரியாது. "லாரிக்கு யாருப்பா காசு தரணும்?" என்று மறுபடி கேட்டாள். நல்ல கேள்வி.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது படித்த பள்ளிக்கு கம்ப்யூட்டர், பீரோ வாங்கித் தருவோம், போட்டோ எடுத்துக்கொள்வோம். தப்பில்லை. அதற்கு முன்னால் கக்கூஸ் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். தினமும் யார் கழுவுகிறார்கள், அவர்களுக்கு யார் சம்பளம் தருகிறார்கள், தொட்டி நிரம்பினால் லாரிக்குப் பணம் இருக்கிறதா என்று ஹெச்எம்மிடம் கேளுங்கள். இல்லை என்று சொன்னால், முதலில் அதற்குக் கொடுங்கள்.