எமது ஓய்வு நேரம்

கலாசாலை மாணாக்கர் பாடம் போக எஞ்சிய நேரத்தை எங்ஙனம் கழிக்கின்றனர் என்று பெரியோர் வினவுதல் எக்காலத்தும் உள்ளதே. வினவுவோர் குரலில் சிறிது ஐயமும் கலந்திருக்கும். அவ்வினாவிற்கு விடையிறுக்கவும், அதனிடையே யாம் செய்த பிழையொன்றை ஒளியாது உரைக்கவும் இச்சிறு கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

மதுரையில் எம் விடுதியின் ஓரறையில் வசிப்போர் நால்வர். ஈண்டு ‘யாம்’ என்பது அவருள் மூவரைக் குறிக்கும். நான்காமவரைப் பற்றியதே இக்கட்டுரை.

எமது முயற்சிகளுள் முதலாவது ‘நீர்மட்ட மணி’. விடுதியின் மேல்தளத்து நீர்த்தொட்டி நாள்தோறும் நிரம்பி வழிந்து சுவரை நனைத்து வந்தது. கோடையில் நீரின் அருமையை அறிந்தோர் அதனைக் கண்டு வாளாவிருத்தல் இயலுமோ? ஆதலின், வெவ்வேறு உயரங்களில் செம்புக் கம்பிகளைத் தொட்டிக்குள் தொங்கவிட்டோம். நீர் கம்பியைத் தொட்டால் சிறிதளவு மின்சாரம் அந்நீரினூடே பாயும். டிரான்சிஸ்டர் அதனைப் பெருக்கி மணியை ஒலிப்பிக்கும். கருவி பத்து நாள் ஒலித்தது, பின்பு ஊமையாயிற்று. ஏறிப் பார்த்தால், கம்பிகள் பச்சை பூத்து அரிக்கப்பட்டிருந்தன. ஒரே திசையில் ஓயாது பாயும் மின்சாரம் நீரிலுள்ள செம்பைக் கரைத்துவிடும் என்பதை வகுப்பில் படித்திருந்தோம். தொட்டியில் கண்டபோதுதான் அறிந்தோம்.

நிற்க. இரவில் எமது பொழுதுபோக்குக் கைபேசிச் சதுரங்கம். தமிழ்நாட்டு இளைஞர் குகேஷ் 2024 டிசம்பரில் தமது 18ஆம் வயதில் உலகச் சாம்பியன் பட்டம் பெற்றது முதல், எம் விடுதியில் அவ்விளையாட்டை ஆடாதார் அரியர். ஓர் ஆட்டத்தில் ஒருவருக்கு ஐந்து நிமிஷமே கணக்கு. ஆயினும், ‘இன்னும் ஓர் ஆட்டம்’, ‘இன்னும் ஓர் ஆட்டம்’ என்று நள்ளிரவு கடந்துவிடும்.

நான்காமவர் இதில் சேர்வதில்லை. விடுதித் தலைவரின் அனுமதி பெற்று மாலையில் வெளியே செல்வார். இரவு பதினொரு மணிக்குத் திரும்புவார். கேட்டால், ‘உறவினர் வீடு’ என்பார். காலையில் வகுப்பில் கண்ணயர்வார். ஓரிரவு கருவியைப் பழுது பார்க்கையில் எங்களுக்கு விளக்குப் பிடித்திருந்தவர், நின்றபடியே உறங்கிவிட்டார். வெளிச்சம் விலகியது, கம்பி மாறிப் பற்றவைக்கப்பட்டது, டிரான்சிஸ்டர் கருகியது. “ஏனப்பா, உறங்குவதற்கா எங்களோடு சேர்ந்தாய்?” என்று கடிந்தோம். அவர் மறுமொழி கூறவில்லை. மறுநாள் யாம் கருவியின் விவரத் தாளிலிருந்து அவர் பெயரை அடித்துவிட்டோம். அதனை அவரும் பார்த்தார்.

டிசம்பர் விடுமுறையில் வாடகை வேன் ஒன்றில் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டோம். முதலில் வர மறுத்த நண்பர், பின்பு தம் பங்கைப் பத்து ரூபாய் நோட்டுக்களாக எண்ணிக் கொடுத்துவிட்டு உடன் வந்தார். வழிநெடுக யாம் ஆடிய விளையாட்டு வண்டி எண் விளையாட்டாகும். எதிரே வரும் வண்டியின் எண்ணைக் கண்டு, அது எவ்வூர் வண்டி என்று முதலில் உரைப்பவருக்கு மதிப்பெண். மதுரைக்குரிய 58, 59, 64 ஆகியவற்றுக்கு ஒன்று. பிற மாவட்டத்திற்கு இரண்டு. பிற மாநிலத்திற்கு ஐந்து. இராமேசுவரத்திற்கு வட நாட்டு யாத்திரிகர் மிகுதியாக வருவராதலால், குஜராத், ராஜஸ்தான் வண்டிகளையும் அச்சாலையில் காணலாம்.

யாம் எண்ணைப் படித்து முடிக்குமுன்னரே நண்பர், “63, சிவகங்கை, 57, திண்டுக்கல், 60, தேனி” என்று உரைத்துக்கொண்டே வந்தார். மானாமதுரையைக் கடக்குமுன் எங்கள் மூவரையும் வென்றுவிட்டார். “இவ்வித்தையை எங்கே பயின்றாய்?” என்று நகைத்தவாறு வினவினோம்.

வண்டி பரமக்குடிக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அதுவே அவர் ஊர். சாலையைப் பார்த்தவாறே சொன்னார்: “பஸ் நிலையத்தருகே வண்டி நிறுத்துமிடத்தில் எண் எழுதிச் சீட்டுக் கொடுக்கிறேன். வீட்டில் தறி நின்று இரண்டு வருஷம் ஆயிற்று.”

அதன்பின் ஒருவரும் வண்டி எண்ணைக் கூறவில்லை. 1988இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தின்மேல் வண்டியை நிறுத்திக் கடலைப் பார்த்தோம். பழைய ரயில் பாலத்திற்குப் பதிலாக 2025இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தை நண்பரே சுட்டிக் காட்டினார். யாம் தலையசைத்தோமேயன்றிப் பேச நா எழவில்லை.

1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் இடிந்த சுவர்களைக் கண்டபின், நண்பர் மணலில் ஆடுபுலி ஆட்டத்திற்குக் கட்டம் கீறினார். 23 புள்ளிகள்; மூன்று கற்கள் புலிகள்; பதினைந்து சிப்பிகள் ஆடுகள். யாம் மூவரும் புலியாயினோம்; அவர் ஆடுகளை எடுத்துக்கொண்டார். ஆட்டத்தின் முடிவில் எம் புலிகளுள் ஒன்றேனும் அசைய இயலவில்லை. “பின்னிடம் காலியாய் இருக்கும் ஆட்டைத்தான் புலி தாண்டி வெட்டும். பின்னால் இன்னோர் ஆடு நின்றால் ஒன்றும் செய்ய முடியாது” என்றார். அவர் விளையாட்டைப் பற்றியே சொன்னார். எமக்கோ அச்சொற்கள் வேறு விதமாய்க் கேட்டன.

ஊர் திரும்பியதும் பணம் கொடுக்க முன்வந்தோம், அவர் ஏற்கவில்லை. “நேரம் மாற்றிக் கொடுங்கள், போதும்” என்றார். இப்பொழுது கருவி வேலை விடியற்காலை ஐந்து மணிக்கு நடைபெறுகின்றது. அவர் கண்ணயரும் வகுப்பின் குறிப்பை எங்களுள் ஒருவர் இருமுறை எழுதுகின்றார். அடித்த பெயரையும் திரும்ப எழுதினோம்; ஆயினும், அடித்த கோடு அத்தாளில் இன்னும் தெரிகின்றது. செம்புக் கம்பிக்கு மாற்றாக மிதவை வைக்கலாம் என்று உரைத்தவரும் அவரே. வண்டி நிறுத்துமிடத்துத் தொட்டியில் அத்தகைய மிதவையை அவர் நாள்தோறும் பார்த்து வந்தவராம். அதில் மின்சாரம் நீரைத் தொடுவதேயில்லை.

அன்புள்ள வாசகர்களே, மணி இப்பொழுது பிழையின்றி ஒலிக்கின்றது. ஓய்வு நேரத்தில் என்ன கற்றீர் என்று பெரியோர் வினவின், இதனையே கூறுவோம்: ஓய்வென்பதே இல்லாத ஒருவர் எம் அறையிலேயே இரண்டு வருஷம் இருந்தார், யாமோ அவரைச் சோம்பர் என்று எண்ணியிருந்தோம்.