பொற்பனைக்கோட்டை மணியும் மிஸ்ர் தேசத்துத் தாயத்தும்



புதுக்கோட்டை நகருக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் பொற்பனைக்கோட்டை என்றோர் ஊர் உண்டு. அங்கே மண்மேடாகத் தோன்றும் மதில், சங்க காலக் கோட்டையின் எச்சமாகும். 2021-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023-இல் மாநிலத் தொல்லியல் துறையும் அங்கே அகழாய்வைத் தொடங்கின. செங்கல் கட்டுமானமும், கண்ணாடி மணிகளும், சூதுபவள மணியும், பொன் மூக்குத்தி ஒன்றும் வெளிப்பட்டன.

சின்னஞ்சிறு மணிக்கு இத்துணை மதிப்பு ஏன் என்று நீங்கள் கேட்கலாம். விடை காண மிஸ்ர் தேசம் வரை சென்று வருவோம், வாருங்கள்.

பண்டைய மிஸ்ர் மக்கள் ஃபையான்ஸ் என்னும் பொருளால் விரல்நுனி அளவுத் தாயத்துகளைச் செய்தனர். பொடித்த படிகக்கல், சிறிது சுண்ணாம்பு, உவர் உப்பு ஆகியவற்றை நீர்விட்டுப் பிசைந்து, அச்சில் அழுத்திச் சூளையில் இடுவர். செம்பின் சேர்க்கையால், வெந்தபின் மேற்பரப்பு நீலப்பச்சையாகப் பளபளக்கும். வண்டு, கண் முதலிய வடிவங்களில் அமைந்த இவற்றை வாழ்வோர் அணிந்தனர். இறந்தோரைச் சுற்றிய துணி மடிப்புகளிலும் வைத்தனர். ஃபிர்அவ்ன்களின் உடல்களோடும் தாயத்துகள் புதைந்தன. அவை எவருடைய மரணத்தையும் தடுக்கவில்லை. எந்த ஆட்சியையும் நிலைநிறுத்தவில்லை.

அத்தகைய தாயத்துகள் பல, வணிகர் கைமாறி உலகின் அருங்காட்சியகங்களை அடைந்துள்ளன. எந்தக் கல்லறையில் கிடந்தவை, எவர் கழுத்தில் தொங்கியவை என்று அறிய வழியில்லை. ஆனால் 1925-இல் துத்தன்காமூன் மன்னரின் உடற்கட்டுகளை அவிழ்த்தபோது, பொருள்கள் கிடந்த இடங்களைக் கவனத்துடன் குறித்து வைத்தனர். ஆகவே எது கழுத்தில் கிடந்தது, எது மார்பில் கிடந்தது என்று இன்றும் கூற முடிகிறது.

மிஸ்ர் நமக்கு அந்நிய மண்ணன்று. அதன் செங்கடல் துறைமுகங்களான பெரெனிகேயிலும் குஸைர் அல்-கதீமிலும் தமிழ்ப் பிராமி பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. பெரெனிகேயில் ஏழரைக் கிலோ மிளகும் கிடைத்தது. நம் மாவட்டத்துக் கறுக்காக்குறிச்சியிலோ, 1898-இல் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அந்நாளைய கடல் வாணிபத்துக்கு இவை சான்றுகளாகும்.

எந்த மண்ணடுக்கில், எவற்றின் அருகே கிடந்தது என்பதே ஒரு மணியைச் சான்றாக்குகிறது. எடுத்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டால், அது வெறும் மணியே!

ஆகவே, குழந்தைகளுடன் பொற்பனைக்கோட்டைக்குச் செல்லும் பெற்றோர்களே, மதில்மேட்டில் மணியோ ஓடோ தென்பட்டால் கண்ணால் கண்டு மகிழுங்கள், கையால் எடுக்காதீர்கள். தொல்லியல் துறையினருக்குத் தெரிவியுங்கள். நம் முன்னோரின் வரலாற்றை நம் பிள்ளைகள் அறிவதற்கு நாம் செய்யும் எளிய உதவி அதுவேயாகும்.