பட்டியலில் அம்மாவின் பெயர்

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். கடிதமோ, மருந்துச் சீட்டோ, வங்கிப் புத்தகமோ, எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். அந்தப் பெருமையோடு நான் படித்த ஒரு தாள், ஒரு நாள் எங்கள் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டது.

2019 பிப்ரவரியில் நடுவண் அரசு பிரதமரின் கிசான் சம்மான் நிதித் திட்டத்தைத் தொடங்கியது. சாகுபடி நிலம் தம் பெயரில் உள்ள உழவர் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். மூன்று தவணையாக நேரே வங்கிக் கணக்கில் சேரும். என் தந்தையோ பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர். உழுதாலும் பட்டா இல்லை; ஆகவே பணமும் இல்லை.

2020ஆம் ஆண்டு. பெருந்தொற்றால் கூலி வேலையும் நின்றுபோன நேரம். ஒருவர் தெருவுக்கு வந்து, "கொரோனாப் பணம் வருது" என்று சொல்லி, அம்மாவின் ஆதார் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் வாங்கிப் பதிந்துகொண்டார். அதற்குக் கூலி 500 ரூபாய். சில வாரங்களில் 2,000 ரூபாய் வந்தது. அரிசி வாங்கினோம், கடைக் கடனைத் தீர்த்தோம்.

பிறகுதான் உண்மை வெளிவந்தது. தமிழகத்தில் தகுதியில்லாத 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயரில் ஏறத்தாழ 110 கோடி ரூபாய் போயிருந்தது. பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியவர்களின் பட்டியலை எங்கள் ஊரில் ஒட்டினார்கள். வழக்கம்போல் என்னைப் படிக்கச் சொன்னார்கள். நானும் உரக்கப் படித்தேன். பதினேழாவது பெயர் என் தாயின் பெயர்.

கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. வீட்டில் அம்மா ஒன்றுதான் கேட்டாள்: "ஏன்டா தம்பி, நான் திருடியாடா?"

கம்மலை அடகு வைத்துப் பணத்தைக் கட்டினோம். அந்தப் பட்டியலை நெடுநாள் வெறுத்தேன். பதிந்து கொடுத்தவரின் பெயர் அதில் இல்லையே!

கல்லூரிக்கு வந்தபின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 பற்றிப் படித்தேன். மானியத் திட்டங்களுக்கு ஒதுக்கிய தொகையையும் பயனாளிகளின் விவரத்தையும் யாரும் கேளாமலே அலுவலகங்கள் வெளியிட வேண்டும் என்கிறது அதன் 4ஆம் பிரிவு. கிசான் திட்டத்தின் விதிகளும் பட்டியலை ஊர்தோறும் வெளியிடச் சொல்கின்றன. பணம் வருமுன்பே அந்தப் பட்டியல் சுவரில் இருந்திருந்தால், "உனக்கேது நிலம்?" என்று பக்கத்து வீட்டுக்காரரே அம்மாவைக் கேட்டிருப்பார். கம்மலும் காதிலேயே இருந்திருக்கும். சேற்றில் நிற்கும் அப்பாவின் பெயர் அதில் இல்லை என்பதையும் ஊர் எண்ணிப் பார்த்திருக்கும்.

ஆகவே, பட்டியல் எங்களுக்குப் பகையன்று. அது காலங்கடந்து வந்ததுதான் பகை. ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கெண்ணும் ஊரறிய வேண்டியவை அல்ல. பெயரும் தொகையும் ஊரறிய வேண்டியவையே, அது பொதுப்பணம்.

மாணவத் தோழர்களே! நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள். பட்டியல் ஒட்டினால் மட்டும் போதாது. படித்துச் சொல்ல ஆள் வேண்டும். மே 1 அன்று கிராம சபை கூடும். ஊராட்சியில் பட்டியலைக் கேட்டு வாங்கி, அன்று நான் உரக்கப் படிக்கப் போகிறேன். முன்வரிசையில் அம்மாவை உட்கார வைத்துவிட்டுத்தான் படிப்பேன்.